சத்தம் நின்ற கருவி

வேட்டைக்காரர்கள் இரும்புப் பொறிகளைப் புதைத்திருந்த பொட்டலுக்கு அப்பால்தான் புல் இருந்தது. அதைக் கடக்க, தாய்முயல் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் புதுக் கருவி ஒன்றை வாங்கியது. அதில் பதினொரு பொத்தான்கள். பின்னால் மூன்று குட்டிகள் பசியோடு நின்றன.

அடிக்கு அடி கருவி ‘கீ கீ’ என்று கத்தியது. ஒவ்வொரு முறையும் முயல் நின்றுவிட்டது.

“இப்போ துருப்பிடிச்ச ஆணிக்கெல்லாம் கத்துறேன். நாலாவது பொத்தானை அழுத்துங்க, பொறிக்கு மட்டும் கத்துவேன்,” என்றது கருவி.

முயல் அழுத்தியது. சத்தம் நின்றது.

“ஏன் பேசாம இருக்கே?”

“முன்னால பொறி இல்லை. தைரியமா போங்க.”

“நான் தப்பா அழுத்தியிருந்தா?”

“சரியாத்தான் அழுத்தினீங்க.”

ஆனாலும் அந்த அமைதியை முயல் நம்பவில்லை. அதே பொத்தானை மறுபடி அழுத்தியது. கருவி பழையபடி ஆணிகளுக்கும் ‘கீ கீ’ என்று கத்திய பிறகுதான் முயலுக்கு மூச்சே வந்தது. குட்டிகளை அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.