கப்பு வேணாம், ரத்தமே எடு

ரமாபாய் உள்ளே நுழைந்ததும் திரையைத் தானே இழுத்து மூடினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மருமவளுக்கு உண்டாயிருக்கான்னு பாக்கணும். கப்பு வேணாம், ரத்தமே எடு."

வியாசர்பாடியில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அது ஒன்றுதான் லேப். காலை எட்டு மணிக்கே ஹால் நிரம்பி வழிந்தது. டெக்னீஷியன் ஜோதிகா கையுறையை மாட்டிக்கொண்டே மருமகள் மதியைப் பார்த்தாள். மதி துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கு?"

"பத்து நாளு" என்றாள் ரமாபாய், மருமகளை முந்திக்கொண்டு.

"அப்ப எதுக்கும்மா ரத்தம்? நாள் தள்றதுக்கு முன்னாடியே தெரியணும்னு அவசரப்படறவங்கதான் ரத்தம் பாப்பாங்க. பத்து நாள் ஆச்சுன்னா யூரின்லயே தெரிஞ்சிடும். அஞ்சு நிமிஷ வேலை. காசும் கம்மி. ரத்தம்னா ரிசல்ட் வர சாயங்காலம் ஆயிடும்."

"ஆவட்டும்."

"மெடிக்கல்ல கார்டு வாங்கி வீட்லயே பாத்திருக்கலாமே? ரெண்டு கோடு வந்தா..."

"கோடும் வேணா, கோலமும் வேணா. நீ ஊசியப் போடு."

இந்த லேபில் ஜோதிகாவுக்கு இது பதினோராவது வருஷம். காசைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்ற மாமியார்கள் ஏராளம். குறைகிற காசை வேண்டாம் என்கிற மாமியாரை இன்றுதான் பார்க்கிறாள். அதுவும், பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவுகிற அம்மாள். வேலைக்குப் போடும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

எதற்காக இந்த அடம்? ஜோதிகாவுக்கு மண்டை குடைந்தது.

"மதி, நீ சொல்லும்மா. ஊசின்னா பயமில்லையே?"

"பயந்தான்க்கா. ஆனா அத்த சொல்றபடியே எட்த்துருங்க."

நரம்பு லேசில் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை குத்தும்போது மதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரமாபாய் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரியா என்று ஜோதிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"நாலு" என்றாள் மதி.

அவ்வளவுதான். ஜோதிகாவுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. குழந்தை இல்லாத மருமகள், கப்பில் தண்ணீரைக் கலந்து கொடுப்பாளோ, வேறு யாருடையதையாவது வாங்கி வந்து ஏமாற்றுவாளோ என்று கிழவிக்குச் சந்தேகம். கண்ணெதிரே எடுக்கிற ரத்தத்தில் தில்லுமுல்லு செய்ய முடியாதே!

"ஏம்மா, வீட்டுக்கு வந்த பொண்ணை இப்படியா சந்தேகப்படுவீங்க? நீங்களும் ஒரு பொம்பளதானே?"

ரமாபாய் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். மருமகளின் கையில் ஒட்டிய பஞ்சைத் துப்பட்டாவால் மூடிவிட்டு வெளியே கூட்டிப்போனாள்.

ஹாலில் யாரோ ஒருத்தி கேட்டது திரை தாண்டிக் காதில் விழுந்தது. "இன்னா ரமாபாய், மருமவளுக்கு ஒடம்புக்கு இன்னா?"

"தல சுத்துதுன்னா. சுகர் கீதான்னு பாக்க வந்தோம்."

பொய் வேறு! ஜோதிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. பார்த்ததும் ஜோதிகாவுக்கே சிரிப்பு பொங்கியது. கர்ப்பம்தான், சந்தேகமே இல்லை.

மதி மட்டும் உள்ளே வந்தாள்.

"எங்க உன் மாமியார்?"

"வெளிய நிக்கிதுக்கா. ரிசல்ட்ட மொதல்ல நான்தான் பாக்கணுமாம். இல்லன்னு வந்தா, அழுது முடிச்சிட்டு மெதுவா வா, நான் நின்னுகினே இருக்கேன்னு சொல்லிச்சு."

ஜோதிகா திகைத்துப் போனாள். காலையில் பார்த்த மாமியாரா இது? ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். மதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

"அப்படிப்பட்டவங்க ரத்தந்தான் வேணும்னு ஏன் ஒத்தக்கால்ல நின்னாங்க?"

மதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரத்தம்னா எதுக்கு எடுக்கறாங்கன்னு வெளிய ஆருக்கும் தெரியாதுக்கா. போன தபா யூரின்தான் பாத்தேன். ஹால்ல எங்க பிளாக்கு ஜனமே ஒக்காந்துகினு இருந்துச்சு. டெஸ்ட் எடுக்கறவங்க கப்ப நீட்டிகினு, 'மதி, கர்ப்பம் பாக்க யூரின் குடும்மா'ன்னு கூவிட்டாங்க. ரிசல்ட்டு இல்லன்னு வந்துச்சு. நாலு மாசம், மாடிப்படி ஏறி எறங்க முடியல. தண்ணி புடிக்கப் போனாலும் அதே கேள்வி. மெடிக்கல்ல கார்டு வாங்கலாம்னா கடைக்கார அண்ணனும் எங்க பிளாக்குதான். அதான் அத்த இந்த தபா ரத்தமே குடுத்துரலாம்னு சொல்லிச்சு."

ஜோதிகாவுக்கு ரத்தம் கொதித்தது.

"அடப்பாவி! ஒரு பொண்ணோட விஷயத்தை நாலு பேர் நடுவுல இப்படியா கூவுவாங்க? எந்த லேப்? யாரு அது? பேரைச் சொல்லு, நான் கேக்கறேன்!"

மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதே லேப்புதான்... நீங்கதான்க்கா கூவுனீங்க."