ஈசான மூலையில் சிவப்பு

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில், கோவைப் புறநகர்த் தொழிற்சாலை ஒன்றின் முதல் மாடியில், ஒரு கணினித் திரைக்கு வாஸ்து பார்க்கப்பட்டது.

மவுஸ், அங்கே வரைபடம் போடுகிற பெண்ணின் கையில் இருந்தது.

அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். இடது பொத்தான் கொஞ்சம் ஒட்டியது.

நாற்காலிக்குப் பின்னால் முதலாளி தண்டபாணி. அவர் பக்கத்தில் பட்டு அங்கவஸ்திரமும் திசைகாட்டியுமாக வாஸ்து வித்தகர் சபேசன். அவர்களுக்கும் பின்னால் மொத்த அலுவலகமும், செருப்பைக் கழற்றிவிட்டு.

வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளை வரைகிற மென்பொருள் அது. புதிதாக வாங்கியது. திரையில் எந்தப் பலகம் எங்கே நிற்க வேண்டும், பின்னணிக்கு என்ன நிறம், எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்பதையெல்லாம் ‘பணியிட அமைப்பு’ என்ற பக்கத்தில் நாமே வைத்துக்கொள்ளலாம்.

நாமே என்றால் சபேசன்.

திரைக்கு எது வடக்கு என்பதில் சிறு குழப்பம் வந்தது. திசைகாட்டியைக் கிட்டே கொண்டுபோனார். முள் கிடந்து தள்ளாடியது. சக்தி என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது என்று யாரும் முணுமுணுக்கவில்லை.

மேல்பக்கமே வடக்கு என்று தீர்ப்பாயிற்று.

பாரமானது கன்னி மூலையில். ஆகவே உதிரிபாகப் பட்டியல் முழுவதும் கீழே இடப்பக்கம் போயிற்று. நெருப்பு அக்கினி மூலையில். பேட்டரியும் ஃபியூஸும் கீழே வலப்பக்கம் வந்தன. பின்னணி கறுப்பு ஆகாது. மங்கள மஞ்சள்.

மஞ்சள் ஒயர்கள் அந்தக் கணமே காணாமல் போயின.

“இப்பப் பாருங்க, என்ன ஒரு களை!” என்றார் சபேசன்.

பாக்கி இருந்தது ஈசான மூலை. மேலே, வலப்பக்கம்.

அங்கே, வரைபடத்தில் உள்ள தப்புகளைச் சொல்லும் பிழைப் பலகம் இருந்தது. அதில் ஒரே ஒரு வரி. சிவப்பாக.

காலையிலேயே அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

வரைபடம் ஓர் ஆம்புலன்ஸுக்கானது. ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பின்னால் போகிற ஒயர் மெல்லியது. அதற்குப் போட்ட ஃபியூஸ் பெரியது. கோளாறு வந்தால் முதலில் எரிய வேண்டியது ஃபியூஸ். இதில் ஒயர் எரியும்.

திருத்த அரை நாள் போதும்.

அதற்குள் ராகு காலம் வந்துவிடும். புது அமைப்பில் முதல் வரைபடத்தை முதலாளி தன் கையால், அதற்கு முன்னால், வெளியிட்டாக வேண்டும். பொத்தானை அழுத்தினால் அது நேரே கீழ்த்தளத்து ஒயர் வெட்டும் எந்திரத்துக்குப் போகும். எந்திரம் கேள்வி கேட்காது. மேல்தளத்திலும் அந்தப் பழக்கம் இல்லை. இதே நாற்காலியில் முன்பு இருந்தவர் ஒருமுறை கேட்டார். இப்போது வீட்டில் இருக்கிறார்.

“சார், இதுல ஒரு பிழை இருக்குதுங்க.”

தண்டபாணி முகம் சுளித்தார். “நல்ல காரியம் நடக்கற எடத்துல அந்த வார்த்தையே வேண்டாம் அம்மணி.”

“ஃபியூஸ் பெருசா இருக்குதுங்க சார்…”

“பெருசுதான? இருந்துட்டுப் போகுது. சின்னதாப் போட்டாத்தான் கஞ்சன்னு சொல்லுவாங்க.”

பின்னால் சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் அவர்களுக்குத் தெரியும்.

“ஈசானத்துல சிவப்பு,” என்றார் சபேசன். “மொதல்ல அதத் தூக்கும்மா.”

தூக்கினாள்.

பலகம் மறைந்தது. மூலை சுத்தமாயிற்று. ஒயர் அதே ஒயர்.

அமைப்புப் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. அடியில், இதுவரை யாரும் தொடாத ஒரு வரி.

பிழை உள்ள வரைபடத்தை வெளியிட விடாதே. காரணத்தைப் பிழைப் பலகத்தில் மட்டும் காட்டு.

அதன் முன்னால் ஒரு வெற்றுக் கட்டம்.

அம்புக்குறி அங்கே போய் நின்றது. தானாகப் போனது போல.

பொத்தான் ஒட்டியது. இன்னும் அழுத்தினாள்.

டிக்.

அறை முழுவதும் கேட்டது போல் இருந்தது.

“அது என்னம்மா கட்டம்?”

சபேசன் குனிந்தார். ஜவ்வாது வாசனை அவள் தோளுக்கு மேல் வந்து நின்றது. தண்டபாணியும் கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

“காவலுங்க ஐயா,” என்றாள். “உள்ள ஏதாச்சும் தப்பா இருந்தா, வெளிய விடாதுங்க.”

சபேசன் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன.

தண்டபாணியின் கண்ணாடி உறையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது.

“வாசல்னு இருந்தா காவல் வேணும்,” என்றார் சபேசன். “இருக்கட்டும்.”

கண்ணாடி உறைக்குள் திரும்பிப் போயிற்று.

சேமித்தாள். எழுந்து இடம் விட்டாள்.

தண்டபாணி அமர்ந்தார். சட்டைக் கையை மடித்தார். மோதிரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கற்பூரம் ஏற்றினார்கள். புகை எச்சரிக்கை மணியை முன்னெச்சரிக்கையாக நிறுத்திவைத்திருந்தார்கள்.

விரல் இறங்கியது.

வெளியிடு.

அவள் திரையைப் பார்க்கவில்லை. முதலாளியின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதுவும் வரவில்லை. எச்சரிக்கை, சிவப்பு வரி, எதுவும். ஈசான மூலை துடைத்துவிட்டது போல் இருந்தது.

“பாத்தீங்களா?” என்றார் சபேசன். “ஒரு தடங்கல் உண்டா!”

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

வரைபடம் கீழ்த்தளத்து எந்திரத்துக்குப் போகவில்லை.