ஜாடிக்குப் பக்கத்தில்

டேகு நகரத்து மூலிகைத் தெருவில், வைத்தியர் பியோவின் மாடி அறைக்குள் மதிய வெயில் சாய்ந்து கிடக்கிறது. கீழே கஷாயம் கொதிக்கிறது. அந்த வாசனை வந்ததும், வைத்தியத்துக்கு வந்திருக்கும் கியூரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பியோ அவள் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, எல்லோரையும் கேட்பதுபோலத்தான் கேட்கிறார்.

"சாப்பிட்டியாம்மா?"

"எடை குறைக்கிற ஊசி போடுறேன்ல டாக்டர். சோறுன்னாலே குமட்டுது."

"நாடி ரொம்பத் தளர்ந்திருக்கு. தெம்புக்குக் கஷாயம் தரேன்."

"பசி வருமா? ஒரே ஒரு வாய்க்கு வந்தாப் போதும்."

அம்மா கடைசியாகப் போட்ட கிம்ச்சி, அந்த முட்டைக்கோஸ் ஊறுகாய், ஜாடியில் புளித்துக்கொண்டே போகிறதாம். நாளைக்கு அம்மா இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு. அதற்குள் ஒரு துண்டாவது தின்றுவிட வேண்டுமாம். மூடியைத் திறந்தாலே வாந்தி வருகிறதாம்.

"அப்ப ஊசிய நிறுத்திடேன்."

கியூரியின் சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் நிற்கிறது. அந்த இடைவெளியில் அவள் விரலை விட்டுப் பார்க்கிறாள்.

"அம்மா வாங்கித் தந்த ஊசி டாக்டர். 'இப்பத்தான் கழுத்தே தெரியுது'ன்னு வாராவாரம் அவங்களே போட்டுவிடுவாங்க. இன்னும் ரெண்டு இருக்கு. பிரிட்ஜ்ல, அந்த ஜாடிக்குப் பக்கத்துலயே. எதைத் தூக்கிப் போடச் சொல்றீங்க?"

பியோவின் மூன்று விரல்களும் நாடியிலேயே இருக்கின்றன. அவர் எண்ணுவதை விட்டு வெகுநேரமாகிறது.