முழங்காலைத் தாண்டாத போர்வை

இந்தக் காலத்தில் ஒருவர் கைவேலைக்கு இன்னொருவர் கொடுக்கிற மரியாதை இவ்வளவுதான் என்று லாரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். மாமியார் மதியம் கண்ணயர வேண்டியது, மருமகள் வந்து அவள் பின்னி வைத்ததை எல்லாம் உருவிப் போட வேண்டியது!

சொன்னதைக் கேட்டு நம்புகிற ஆள் இல்லை அவர். லாரி ஓட்டிய காலத்தில் நல்ல பிரேக்கையே இரண்டு தடவை மிதித்துப் பார்த்துத்தான் கிளம்புவார். இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மருமகள் நூலைச் சரசரவென்று இழுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவர் மனைவி குரோஷா ஊசியால் போட்ட கட்டங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து அவள் மடியில் சுருண்டன.

போர்வை அவருக்காகத்தான். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கட்டம், வெள்ளையில் ஒரு கட்டம், மாற்றி மாற்றி. "உங்க முழங்கால் குளிருக்கு" என்று மனைவி ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு முழங்காலையே தாண்டவில்லை.

கிழவிக்குக் கை மந்தமாகிவிட்டதோ என்று முதலில் நினைத்தார். ஆனால் அன்று காலைதான் அவருடைய கட்டம் போட்ட கம்பளித் தொப்பியின் கிழிசலை, பேசிக்கொண்டே, இரண்டு நிற நூல் வைத்து அடைத்துக் கொடுத்திருந்தாள். கிழிந்த இடம் எது என்று விரல் விட்டுத் தேடியும் அவருக்கு அகப்படவில்லை. போர்வை ஏன் வளரவில்லை என்பது இப்போதல்லவா விளங்குகிறது!

"என்னம்மா நடக்குது இங்க?"

மருமகள் திடுக்கிட்டுப் போர்வையை மடியோடு அணைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதிலிருந்து அவள் முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை, பிறந்ததோடு சரி. அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். புருஷன் கெஞ்சிப் பார்த்தான், டாக்டர் அதட்டிப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. இந்தத் திருட்டு வேலைக்கு மட்டும் எழுந்து வரத் தெரிகிறது.

"மெதுவா பேசுங்க மாமா. அத்தை முழிச்சுக்கப் போறாங்க."

"முழிக்கட்டுமே. நீ அவுக்கிறதை அவளும் பார்க்கட்டும். உன் துக்கம் பெரிசுதாம்மா, நான் இல்லேங்கல. அதுக்காக அடுத்தவ போட்டதைக் கெடுக்கணுமா?"

அவள் போர்வையை விரித்தாள். மிச்சம் இருந்த மேல்வரிசையில் வெள்ளைக்குப் பக்கத்திலேயே வெள்ளை. அடுத்த கட்டம் பாதியில் நிறம் மாறிக் கோணிக்கொண்டு நின்றது.

"தினமும் இப்படித்தான் மாமா. அத்தைக்கு ஞாபகம் தப்புது. அடுத்தது எந்த நிறம்னே தெரியலை. அதான், அவங்க தூங்கறப்ப பிரிச்சு சரியாப் போட்டு வெச்சுடறேன். எனக்குக் கை பழகலை, பாதிதான் திரும்பப் போட முடியுது."

"உனக்கு யார் இதைச் சொல்லிக் குடுத்தா?"

"அத்தைதான்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வயித்துல இருந்தப்ப. குட்டிச் சட்டை பின்றதுக்கு."

லாரிக்காரர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவங்ககிட்ட கேட்டுடாதீங்க மாமா. தூங்கி எழுந்து வந்து பார்த்துட்டு, 'பரவாயில்லையே, நல்லாத்தான் வருது'ன்னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பு போயிடும்."

கேட்காமல் இருக்க அவரால் முடியுமா? படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மனைவி கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தாள்.

"இன்னைக்கு என்ன கிழமை, சொல்லு?"

"எதுக்கு? பொண்ணு பார்க்கக் கிளம்பிட்டீங்களா?"

"விளையாடாதே. வெள்ளைக்கு அப்புறம் என்ன நிறம்?"

"கத்தரிப்பூ."

"அப்ப எதுக்கு வெள்ளைக்குப் பக்கத்துல வெள்ளையைப் போட்டு வெச்சிருக்கே?"

அவள் அவரையே பார்த்தாள். "காட்டிட்டாளா?"

"காட்டினா. உனக்குப் புத்தி தடுமாறுதுன்னு அந்தப் பொண்ணு அங்க உருகிட்டு இருக்கு. ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"இந்த வியாதி வந்தவங்க எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம். அதுவரைக்கும் நூலும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்."

"சொன்னா நம்புங்களேன்."

"உன்னை நம்பி நம்பித்தான் இப்ப இப்படி வந்து நிக்குது!"

அவர் கட்டிலோரம் இருந்த நூல் பையை வெடுக்கென்று எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். கூடத்தில் மருமகள் தலைகுனிந்து கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "ரெண்டு... மூணு... நாலு... இப்ப வெள்ளை..." தனக்குத்தானே பேசுகிற மெல்லிய குரல்.

"பையை வெச்சுட்டுப் போங்க" என்றாள் மனைவி.

அவர் திரும்பவில்லை. யாரைத்தான் நம்புவது இந்த வீட்டில் என்று முணுமுணுத்தபடி நடந்தார்.

கூடத்துக்குக் கேட்காத குரலில், அவர் முதுகைப் பார்த்து அவள் சொன்னாள்:

"நான் தப்பாப் போட்டாத்தாங்க அவ கட்டிலை விட்டு எழுந்திரிக்கிறா."