ஒற்றை விசிறியும் மூன்று விசிறியும்

மூன்று விசிறி வைத்ததுதான் வேண்டும் என்று யான்-ஹாவ் ஒற்றைக் காலில் நின்றான்.

என் மேசை மேல் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள் கிடந்தன. ஒன்றில் மூன்று விசிறி, இன்னொன்றில் ஒரே விசிறி. இரண்டையும் நான்தான் அட்டையும் பசையும் வெள்ளித்தாளும் வைத்துச் செய்திருந்தேன்.

செத்தவர்களுக்குக் காகிதத்தில் சாமான் செய்து விற்பது என் தொழில். எரித்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். மாடி வீடு, கார், மாஜாங் சூதாட்ட மேசை, அதில் கூட உட்கார்ந்து ஆட மூன்று கூட்டாளிகள்வரை செய்து கொடுத்திருக்கிறேன். பழுது என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

யான்-ஹாவின் அண்ணன் யான்-ஜுன் போன மாதம் போய்ச் சேர்ந்தான். நாளைக்குச் சாமான்களை எரிக்கும் சடங்கு. கணினி விளையாட்டே கதி என்று கிடந்தவன். அவனுக்கான கணினி தயார். பெட்டி, திரை, விசைப்பலகை எல்லாம் முடிந்துவிட்டது. கார்டில்தான் இழுபறி.

யான்-ஜுன்னின் மனைவி பெய்-ரூ ஓரமாக நின்றிருந்தாள். கையில் ஒரு பையில் சூடாகப் பன்றிக்கறிச் சோறு. தினமும் சாயங்காலம் புருஷன் படத்துக்கு முன்னால் சோறு வைத்து, சாப்பிட வாங்க என்று கூப்பிட வேண்டும். நூறு நாள் முடியும்வரை அது அவள் பொறுப்பு. ஆறிப்போனால் அவனுக்குப் பிடிக்காது என்று அவள் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் பழகினது இந்த ஒத்த விசிறிதான். இதே இருக்கட்டும்" என்றாள்.

யான்-ஹாவ் தைபேயில் கணினிக் கடையில் வேலை பார்க்கிறவன். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, விளையாடுறீங்களா? இதுல எட்டு ஜிபி, அதுல இருபத்துநாலு. இது நொடிக்கு அறுபது படம் காட்டவே மூச்சு வாங்கும், அது இருநூறை அசால்ட்டா தாண்டும். அதை விடுங்க, சூடு? வீட்ல இருந்த கார்டு எப்பப் பாத்தாலும் கொதிச்சுப்போய் நின்னுடும். அண்ணன் எவ்வளவு நொந்து போனாரு!"

"தெரியும்" என்றாள் பெய்-ரூ.

எனக்குத் தெரிந்த வேகச் சோதனை ஒன்றுதான்: தீ வைத்தால் எவ்வளவு சீக்கிரம் சாம்பலாகிறது. அதில் இரண்டும் சமம். ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. அண்ணன் செத்ததற்கு அவன் அழுது நான் பார்க்கவில்லை. அவனுக்கு அழுகை ஜிபி கணக்கில்தான் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் மூன்று விசிறிக் கார்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தான். நீளம் அதிகம், உள்ளே நுழையவில்லை. நான் கத்தரியால் பெட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டேன். நுழைந்தது.

அடுத்து மின்சார டப்பாவைக் குனிந்து பார்த்தான். ஐந்நூறு வாட் என்று அதில் எழுதியிருந்தேன்.

"அக்கா, இந்தக் கார்டுக்கு ஐந்நூறு பத்தாது. ஆட்டத்துக்கு நடுவுல பொசுக்குனு மொத்தமும் அணைஞ்சுடும்."

பேனாவை எடுத்து ஐந்நூறை அடித்துவிட்டு எண்ணூற்று ஐம்பது என்று எழுதினேன். இத்தனை சீக்கிரமாக அவன் கடையில்கூட யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

பெய்-ரூ அப்போதும் தலையாட்டவில்லை.

"சரி, அண்ணனையே கேட்டுடலாம்" என்று என் கடை மூலையிலிருக்கும் மண்ணைக் காக்கும் தெய்வத்தின் முன்னால் மண்டியிட்டான். குறி கேட்பதற்கென்று அங்கே வைத்திருக்கும் பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் கும்பிட்டுத் தரையில் போட்டான்.

ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. அப்படி விழுந்தால் சம்மதம்.

மறுபடி போட்டான். சம்மதம். மூன்றாவது தடவையும் அதேதான்.

பெய்-ரூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கு அவரை வேற கேக்கணுமா? கார்டு வேணாம்னு அவரு என்னிக்குச் சொல்லியிருக்காரு? எடுத்துக்க."

வாய்தான் சிரித்தது. முகம் வாடிப்போனது. பார்க்கவே பாவமாக இருந்தது.

யான்-ஹாவ் ஜெயித்த தெம்பில் வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுவரப் போனான்.

நான் கார்டைப் பெட்டிக்குள் ஒட்டுவதற்காகப் பசையைத் தொட்டேன். பெய்-ரூ வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவன் வர்றதுக்குள்ள அந்த விசிறி மூணையும் பிச்சுடுங்க."

"ஏம்மா? விசிறி இல்லேன்னா கொதிச்சுப்போய் நின்னுடும்னு உன் கொழுந்தன் இவ்வளவு நேரம்..."

"நிக்கட்டும்" என்றாள். "அது நின்னு ஆறுற வரைக்கும்தான் அவரு எந்திரிச்சு வந்து என்கூட உக்காந்து சாப்பிடுவாரு. நிக்கவே நிக்காத கார்டை அனுப்பிட்டு, நான் யாருக்குக்கா சோறு வைக்கிறது?"

எனக்குச் செத்தவன் மேல் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. கத்தியை எடுத்து மூன்று விசிறிகளையும் சுரண்டி எடுத்தேன். கார்டைக் கவிழ்த்து உள்ளே ஒட்டினேன். மூடியைப் போட்டுவிட்டால் தம்பிக்காரனுக்குத் தெரியப் போவதில்லை.

வாசலில் அவன் வண்டிச் சத்தம் கேட்டது.

மூடியை ஒட்டப் போனவள் கொஞ்சம் யோசித்தேன். பேனாவை எடுத்து, மின்சார டப்பாவில் எண்ணூற்று ஐம்பதை அடித்துவிட்டு மறுபடி ஐந்நூறு என்று எழுதினேன்.

எதற்கும் இருக்கட்டும்.