இடது கண்ணுக்கு மட்டும்

காலையிலிருந்து நின்றே விற்றதில் ஜெசிந்தாவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. மருந்துக்கடையின் அழகுசாதன மூலையில் வருகிறவர்களின் கண் நிறத்தைப் பார்த்து, பொருத்தமான ஐ ஷேடோவைத் தன் புறங்கையில் தீட்டிக் காட்டுவது அவள் வேலை. கடைசியாக வந்த பெண் கூலிங்கிளாஸைக் கழற்றினாள். வலது கண்ணைச் சுற்றி ஊதாவாகக் கன்றிப்போயிருந்தது.

"இத மறைக்கணுமா மேடம்?"

"மறைச்சாலும் தெரியுது. இடது கண்ணுலயும் இதே கலர் வர்ற மாதிரி குடுங்க. மேக்கப்புன்னு நெனச்சுக்குவாங்க."

ஊதாவை எடுத்த ஜெசிந்தா, அதை வைத்துவிட்டு, ஊதாவோடு பச்சையும் மஞ்சளும் சேர்ந்திருந்த பெட்டியை நீட்டினாள்.

"அடிபட்ட இடம் நாளாக ஆக கலர் மாறும்க்கா. இதுன்னா கடைசி வரைக்கும் வரும்."

அந்தப் பெண் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஜெசிந்தாவின் இரண்டு கண்களைச் சுற்றியும் ஒரே மாதிரி வெளிர்மஞ்சள்.