செம்புதான் நல்லது

சிரிக்க ஒன்று சொல்கிறேன், ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும். அதுவரை கடமானோடு சேர்ந்து நீங்களும் கொஞ்சம் நடுங்குங்கள்.

கரிச்சான் குருவி யார் குரலிலும் பேசும். அன்று அது பறந்து வந்து, மலையடியில் கூடாரம் போட்டிருந்த வேட்டைக்காரர் குரலிலேயே கடமானிடம் சொன்னது: "ஈயத் தோட்டா போடுறதா, செம்புத் தோட்டா போடுறதான்னு இன்னும் முடிவு பண்ணலையேப்பா."

கடமான் காதை நிமிர்த்தியது. "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஈயம் உள்ளே போய்ப் பொடிப்பொடியாச் சிதறும். செம்பு ஒரே துண்டா நிக்கும்."

பாறை மேலிருந்த பிணந்தின்னிக் கழுகு குறுக்கே வந்தது. "செம்புதான் தம்பி. சுட்ட மிருகத்தோட மிச்சக் கறியில சிதறிக் கிடந்த ஈயத்தைத் தின்னுதான் என் சித்தப்பா கழுத்து தொங்கிச் செத்தாரு."

"ஐயோ பாவம். வேட்டைக்காரர் வீட்லயும் குழந்தைங்க இருக்குமே?" என்றது கடமான்.

"இருக்கு. ஈயம் கலந்த கறி அதுங்களுக்கும் ஆகாது," என்றது கரிச்சான், இப்போது டாக்டர் குரலில்.

கீழே தோட்டாப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கடமான் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "செம்பையே எடுக்கணும், செம்பையே எடுக்கணும்" என்று முணுமுணுத்தது.

கரிச்சான் எட்டிப் பார்த்தது. "செம்பைத்தான் எடுத்தார்."

"அப்பாடா. இனி யாருக்கும் ஒண்ணும் ஆகாது. கழுகு அண்ணன் நல்லா இருப்பாரு, குழந்தைங்க நல்லா இருக்கும், கறியும் சுத்தமா..."

கடமான் கண்ணைத் திறந்தது. கழுகு மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"அந்தக் கறி யாரோடதுடா?" என்று கேட்கும்போதே கடமானின் கால்கள் ஓடத் தொடங்கியிருந்தன.